ஓரியூர் மண்ணும் ஒரு மணவழக்கும்

குமுளி மலையில் தமிழர் குடியிருக்கும் ஏலத் தோட்டங்களுக்குள் சென்று அருளானந்தம் என்று ஒரு குரல் கொடுத்தால், நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் தோட்டத்துக் கங்காணியாக இருப்பார். ஒருவர் ஜீப்பு ஓட்டுபவராக இருப்பார். ஒருவர் பள்ளிக்குப் போகும் சிறுவராக இருப்பார். கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் பிழைப்புத் தேடி மலையேறிய எங்கள் முன்னோர், அரிசி மூட்டையோடும் அம்மிக்கல்லோடும் இந்தப் பெயரையும் சுமந்து வந்தார்கள்.

பெயரைச் சுமப்பவர் பலர். அப்பெயருக்கு உரியவரின் வாழ்வை அறிந்தவர் சிலரே. மறவர் நாட்டில் வெட்டுண்டு மாண்ட வெள்ளைக்காரச் சாமியார் என்ற அளவில் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏன் வெட்டுண்டார் என்று கேட்டால் வேதத்திற்காக என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குள் இன்னோர் உண்மை ஒளிந்து கிடக்கிறது. அவரைக் கொலைக்களத்திற்கு இழுத்துச் சென்ற வழக்கு ஒரு மணவழக்கு. ஒருவன் எத்தனை மனைவியரோடு வாழலாம், யாரை வைத்துக்கொள்ளலாம், யாரை விலக்கலாம், விலக்கப்பட்டவள் எங்கே போவாள் என்ற வழக்கு அது.

வேதியியல் படிக்கும் எனக்குச் சமய வரலாற்றில் என்ன வேலை என்று மன்றத் தோழர்கள் கேட்கலாம். எங்கள் மலையில் சீரோ மலபார்க் கோயிலும் இலத்தீன் கோயிலும் தென்னிந்தியத் திருச்சபையும் மலங்கரைச் சபையும் பெந்தெகொஸ்தே கூடமும் ஒரே பாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லாரும் ஒரே விவிலியத்தைத்தான் படிக்கிறார்கள். ஆனால் மணம் முறிந்த ஒருத்தி படியேறி வந்தால், ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு விடை சொல்கிறது. இந்த வேற்றுமைக்கு வேர் எங்கே என்று தேடியபோது, அருளானந்தர் வாழ்வில் அது தமிழ் மண்ணிலேயே முளைத்திருக்கக் கண்டேன். கண்டதை உங்கள்முன் வைக்கிறேன்.

பிறப்பும் துறவும்

போர்ச்சுகல் நாட்டுத் தலைநகரான லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 1ஆம் நாள் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. உயர்குடிச் செல்வர். தந்தை அரசனின் பணியாளராகப் பிரேசில் நாட்டுக்குச் சென்று, அங்கேயே மாண்டார். பிள்ளை அப்போது மிகச் சிறியவன். அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு ஒன்றாய் உண்டு, ஒன்றாய் விளையாடி வளர்ந்தான். அந்த இளவரசரே பின்னாளில் நாட்டுக்கு மன்னரானார்.

சிறுவனுக்குக் கொடிய நோய் ஒன்று கண்டது. பிழைப்பது அரிது என்றனர் மருத்துவர். தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். நோய் நீங்கியதும், நேர்ச்சையின்படி ஓராண்டு முழுவதும் சேசு சபைத் துறவியின் அங்கியை அணிந்து அரண்மனையில் நடமாடினான் சிறுவன். தாய் அணிவித்த அங்கி உடலைவிட்டுக் கழன்றது, உள்ளத்தைவிட்டுக் கழலவில்லை. 1662ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள், பதினைந்து வயதில், சேசு சபையில் சேர்ந்துவிட்டார்.

கல்வியில் சிறந்து விளங்கினார். தாயகத்திலேயே பேராசிரியராக அமர்ந்து புகழ் பெற்றிருக்கலாம். அவர் மனமோ சவேரியார் நடந்த கீழ்த்திசைக் கடற்கரையில் இருந்தது. 1673இல் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டே கப்பல் ஏறினார். மகனைத் தடுக்கத் தாய் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள், பயன் இல்லை. அக்காலக் கடற்பயணம் ஏறக்குறைய ஆறு மாதம். நோயும் புயலும் உடன் வந்தவர் பலரைக் கொண்டுபோயின. செப்டம்பர்த் திங்களில் அவர் கோவாவில் கரை சேர்ந்தார்.

பண்டாரசாமி

1674இல் மதுரைப் பணித்தளத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். மலையாளக் கரையில் அம்பழக்காட்டில் தங்கி, மேற்கு மலைத்தொடரைக் கடந்து, செஞ்சிக்கு அருகில் உள்ள கொளை என்னும் ஊரை அடைந்தார். இன்று குமுளியிலிருந்து கம்பத்திற்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். அன்று மலை கடப்பது காட்டோடும் வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடுவதாகும்.

மதுரைப் பணித்தளத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, ஐரோப்பிய நடையுடையைத் துறந்து, தமிழ்த் துறவியாகவே வாழ்ந்து காட்டியவர். அவருக்குப் பின் பண்டாரசாமிகள் என்றொரு பிரிவு தோன்றியது. பிராமணத் துறவியின் கோலம் பூண்டவர் எல்லாச் சாதியாரோடும் பழக அன்றைய சமூகம் இடம் தரவில்லை. பண்டாரமோ எல்லார் வாசலிலும் நிற்கலாம். பிரிட்டோ இரண்டாம் வழியைத் தேர்ந்தார். காவி உடுத்தார்; தலைப்பாகை கட்டினார்; கையில் கோல் ஏந்தினார். இறைச்சியை விட்டார். சோறும் கீரையும் பாலும் உணவாயின. தமிழைக் கற்றார். பெயரும் தமிழாயிற்று. ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார்.

செஞ்சியிலிருந்து தஞ்சை வரை, தஞ்சையிலிருந்து மறவர் சீமை வரை, படையெடுப்பும் பஞ்சமும் மாறிமாறி வந்த நாட்டில் அவர் கால்நடையாகச் சுற்றினார். 1685இல் மதுரைப் பணித்தளத்தின் தலைவராக்கப்பட்டார். தலைமை என்றால் ஓரிடத்தில் அமர்ந்து ஓலை எழுதுவது என்று அவர் கருதவில்லை. பல ஆண்டுகளாகக் குருக்கள் நுழைய முடியாதிருந்த மறவர் நாட்டுக்குள் தாமே புகுந்தார்.

முதற்சிறை

மறவர் நாட்டை அப்போது ஆண்டவர் இரகுநாதக் கிழவன் சேதுபதி. ஆற்றல் மிக்க அரசர். மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து இராமநாதபுரத்தை விடுவித்துத் தனியரசாக நிலைநிறுத்தியவர். அவர் நாட்டில் 1686ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அருளானந்தரும் உபதேசியார் சிலரும் பிடிபட்டனர். சங்கிலியில் பிணித்தார்கள், அடித்தார்கள், நீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தார்கள். பின்னர் இராமநாதபுரத்திற்குக் கொண்டுசென்றார்கள். சேதுபதி அவரை அழைத்து விசாரித்தார். கொல்லவில்லை. இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று ஆணையிட்டு விடுவித்தார்.

மறு ஆண்டு, பணித்தளத்தின் நிலையை எடுத்துரைக்க அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். லிஸ்பனில் இளமைத் தோழர் பேதுரு அரியணையில் இருந்தார். நாட்டிலேயே தங்கிவிடும்படி மன்னர் வற்புறுத்தினார். அருளானந்தர் அரண்மனையிலும் தமிழ்நாட்டுத் துறவியின் உணவையே உண்டார் என்று வரலாறு கூறுகிறது. 1690இல் மீண்டும் கோவா வந்தார். தடை விதிக்கப்பட்ட அதே மறவர் நாட்டுக்கு மீண்டும் நடந்தார்.

தடியத்தேவரின் கேள்வி

சிறுவள்ளிப் பகுதிக்குத் தலைவர் தடியத்தேவர். முன்னாள் அரசமரபில் வந்தவர். இராமநாதபுர அரியணைக்கு உரிமை பேசக்கூடிய குடியினர். சேதுபதியின் கண் அவர்மேல் எப்போதும் இருந்தது. 1692இல் அவருக்கு நோய் வந்தது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. அருளானந்தருக்கு ஆள் அனுப்பினார். அருளானந்தர் தாம் வராமல் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அவர் வந்து நற்செய்தியைப் படித்து வேண்டினார். தடியத்தேவர் நலம் பெற்றார்.

நலம் பெற்ற தடியத்தேவர் ஞானஸ்நானம் வேண்டி நின்றார். அருளானந்தர் உடனே இசையவில்லை. தடியத்தேவருக்கு மனைவியர் பலர். கிறித்தவனாக வேண்டுமானால் ஒருத்தியோடுதான் வாழவேண்டும் என்றார். தடியத்தேவர் அதற்கும் இணங்கினார். முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவரைக் கைவிடமாட்டேன், உடன்பிறந்தாரைப் போலக் காப்பேன் என்று உறுதி கூறியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். 1693ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, பலரோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவருள் இளையவள் கடலாயி என்று அழைக்கப்படுகிறாள். அவள் சேதுபதியின் உடன்பிறப்பின் மகள். நேரே அரசரிடம் சென்று முறையிட்டாள். இரண்டு நாளில், சனவரி 8ஆம் நாள், அருளானந்தர் பிடிபட்டார்.

சட்டம் சொன்னது என்ன?

அருளானந்தர் அக்கட்டளையைத் தாமே வகுத்தாரா? இல்லை. அவர் கையில் ஒரு சட்டம் இருந்தது. இன்றைய வேற்றுமைகளெல்லாம் அங்கிருந்துதான் விளங்கும். ஆகையால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பள்ளியில் நாம் எல்லாரும் செய்த சோதனை ஒன்று உண்டு. இரும்புத் தூளையும் கந்தகத் தூளையும் கலந்து வைத்தால் அது கலவை. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்துவிடும். கலவையைச் சூடாக்கிவிட்டால் அது சேர்மம். பிறகு காந்தம் எவ்வளவு இழுத்தாலும் இரும்பு பிரியாது. கத்தோலிக்கத் திருச்சபை மணத்தைப் பார்க்கும் முறையும் ஏறக்குறைய இப்படித்தான். ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறைப்படி மணந்து கூடி வாழ்ந்துவிட்டால் அது சேர்மம். சாவு ஒன்றுதான் அதைப் பிரிக்கும். எந்த மன்றமும், ஏன், பாப்பரசரும் பிரிக்க முடியாது. ஆனால் அந்தச் சேர்க்கை உண்மையில் நடந்ததா என்று ஆராயலாம். மனம் ஒப்பாத மணம், வஞ்சித்துச் செய்த மணம், மணத்தின் கடமையை ஏற்கும் ஆற்றலே இல்லாதவர் செய்த மணம் ஆகியவை சேர்மம் போலத் தோன்றிய கலவை. அதைக் கண்டறிந்து, தொடக்கமுதலே மணம் இல்லை என்று அறிவிப்பதே மண இன்மைத் தீர்ப்பு. இருந்த மணத்தை உடைப்பது மணமுறிவு. இரண்டும் வேறு.

ஞானஸ்நானம் பெறாதவரின் மணமும் மணமே என்று திருச்சபை ஏற்கிறது. ஆயினும் அதை அவிழ்க்க ஒரு வழி உண்டு. மணந்தவருள் ஒருவர் கிறித்தவராகி, மற்றவர் அவரோடு அமைதியாய் வாழ மறுத்துப் பிரிந்தால், கிறித்தவரானவர் மறுமணம் செய்யலாம். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில் இதற்கு அடிப்படை இருப்பதால், இதைப் பவுலின் சலுகை என்பர்.

பல மனைவியர் உள்ளவன் கிறித்தவனானால் என் செய்வது? புதிய நாடுகளில் போதிக்கப் புகுந்த குருக்கள் இந்தக் கேள்வியை உரோமைக்கு அனுப்பினார்கள். முதல் மனைவி யார் என்று நினைவில்லாதவன், தன் மனைவியருள் ஒருத்தியைத் தேர்ந்து மணக்கலாம் என்று 1537இல் பாப்பரசர் 3ஆம் பவுல் விடை தந்தார். தன்னோடு ஞானஸ்நானம் பெறும் மனைவியை வைத்துக்கொள்ளலாம் என்று 1571இல் பாப்பரசர் 5ஆம் பயஸ் இன்னும் சற்று வாசலைத் திறந்தார்.

இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். கடலாயி தடியத்தேவரோடு ஞானஸ்நானம் பெற்றிருந்தால், 122 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட அந்தச் சட்டத்தைக் காட்டி, அவளை வைத்துக்கொள்ள வழி கேட்டிருக்கலாம். அப்படி நடந்திருந்தால் வழக்கு அரண்மனைக்குப் போயிராது; ஓரியூரில் இரத்தம் சிந்தியிராது. ஆனால் முதல் மனைவி வெளியே நின்றிருப்பாள். அவளுக்காக முறையிட அரசர் எவரும் இல்லை. யாரை உள்ளே வைத்தாலும், யாரோ ஒருத்தி வெளியே நிற்கத்தான் வேண்டும். இதுவே அச்சட்டத்தின் நெருக்கடி.

திருச்சபையின் கண்ணில், முதல் மணம் நிற்கும்வரை பிந்தியவை மணமே அல்ல. கடலாயி ஒருநாளும் மனைவியாய் இருந்ததில்லை. மறவர் நாட்டின் கண்ணிலோ அவள் ஊரறிய மணந்த மனைவி, அரசகுலத்துப் பெண். அரசகுலத்துப் பெண்ணுக்குக் கணவனின் அரண்மனைக்கு வெளியே வாழ்வு என்று ஒன்று அன்று இருந்ததா? அதே சேதுபதி 1710இல் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று சேசு சபையாரின் மடல் கூறுகிறது. வாழ்விலும் சாவிலும் கணவனைவிட்டு வேறு இடம் இல்லாத உலகம் அது. அந்த உலகத்தில் விலக்கப்பட்டவள் கடலாயி. அவள் சினத்தைப் பொறாமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நேர்மை ஆகாது.

ஓரியூர்

அருளானந்தர் இராமநாதபுரத்திற்குக் கொண்டுவரப்பட்டார். பழைய தடையை மீறிய குற்றம் இருந்தது. அரியணைக்கு உரிமை பேசக்கூடிய ஒருவர் சமயம் மாறியதால் அரசருக்கு எழுந்த ஐயம் இருந்தது. குடும்பத்துப் பெண்ணின் கண்ணீர் இருந்தது. மூன்றும் சேர்ந்தன. ஆயினும் தலைநகரில் வெட்டினால் தடியத்தேவர் கிளர்ந்தெழுவார் என்று சேதுபதி அஞ்சினார். நாடு கடத்துவதாக வெளியில் சொல்லிவிட்டு, ஓரியூரில் இருந்த தம் உடன்பிறந்தார் உடையத்தேவரிடம் அனுப்பினார். கொல்லும்படி மறைவாகக் கட்டளையும் போயிற்று.

சிறையில் எழுதுகோல் இல்லை, மை இல்லை. ஒரு குச்சியைக் கூராக்கி, கரியை நீரில் கரைத்து, தம் தோழர்களுக்குக் கடைசி மடல் எழுதினார். அதில் அச்சம் இல்லை, அழுகை இல்லை, யார்மீதும் வசை இல்லை.

1693ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் நாள், புதன்கிழமை. கிறித்தவர் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அது. ஊருக்கு வெளியே மேட்டில் முழந்தாளிட்டு இறைவனை வேண்டினார். பிறகு எழுந்து, வெட்டுபவனிடம் தம்மை ஒப்படைத்தார். தலை வெட்டுண்டது. கைகளும் கால்களும் வெட்டுண்டன. உடல் கழுவில் தொங்கியது. அவருக்கு வயது நாற்பத்தாறு நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன.

ஓரியூர் மண் அவர் குருதியால் சிவந்தது என்று மக்கள் நம்புகிறார்கள். அம்மண்ணை எடுத்துச் செல்லக் கிறித்தவர் மட்டுமின்றிப் பிறரும் வருகிறார்கள். 1853இல் 9ஆம் பயஸ் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற நிலையை அளித்தார். 1947ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் 12ஆம் பயஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியா விடுதலை பெறுவதற்கு எட்டு வாரங்களுக்கு முன் அது நிகழ்ந்தது.

பிற சபைகள்

ஒரு கற்பனை செய்து பார்ப்போம். தடியத்தேவர் வேறொரு சபையின் வாசலைத் தட்டியிருந்தால்?

வெகு தொலைவு போக வேண்டியதில்லை. அதே சோழமண்டலக் கரையில், நாகப்பட்டினத்தில், 1658 முதல் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபை இருந்தது. தரங்கம்பாடியில் தேனியர் கோட்டையும் இருந்தது. அங்கே 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். இவர்கள் மரபில் மணம் புனிதமானது. ஆனால் திருவருட்சாதனம் அன்று. கணவனோ மனைவியோ பிறன்மனை நாடினால், அல்லது வேண்டுமென்றே கைவிட்டு ஓடினால், மணம் முறியலாம். குற்றமற்றவர் மறுமணம் செய்யலாம். ஸ்காட்லாந்துச் சபை இதை எழுத்தில் வடித்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையை ஏற்றது, அருளானந்தர் பிறந்த அதே 1647இல்.

வேற்றுமைக்கு வேர் மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரம். மனைவியை விலக்கி வேறொருத்தியை மணப்பது விபசாரம் என்று இயேசு அங்கே போதிக்கிறார். ஆனால் பரத்தைமை என்ற ஒரு காரணத்தை விலக்காகக் குறிப்பிடுகிறார். மாற்கிலும் லூக்காவிலும் அவ்விலக்கு இல்லை. மாற்கையும் லூக்காவையும் அளவுகோலாகக் கொண்டவர் மறுமணத்தின் கதவைச் சாத்தினர். மத்தேயுவைப் பிடித்துக்கொண்டவர் கதவைச் சற்றே திறந்தனர். ஒரு சிறு சொற்றொடர் உலகத்துக் கிறித்தவரை இரண்டாகப் பிரித்து நிறுத்திவிட்டது.

கிரேக்க, இரசிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் மூன்றாவது வழியில் நடக்கின்றன. மணம் என்றென்றைக்கும் உரியதே. ஆயினும் மனிதர் வலுவற்றவர். இரக்கம் காட்டவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இரண்டாம் மணமும் மூன்றாம் மணமும் உண்டு. ஆனால் அச்சடங்கில் மகிழ்ச்சியைவிட மன்றாட்டே மிகுதி. நான்காம் மணம் இல்லை. நான்காவது முறை மணந்த பேரரசர் 6ஆம் லியோவால் கான்ஸ்டாண்டிநோபிளில் எழுந்த பெரும் பூசல், 920இல் அந்த எல்லைக்கோட்டைப் போட்டு முடிந்தது. நம் கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் கீழைமரபையே சார்ந்தது. அங்கே மேற்றிராணியாரின் இசைவு பெற்று மறுமணம் செய்ய வழி உண்டு.

ஆங்கிலச் சபையின் கதை வேடிக்கையானது. எட்டாம் ஹென்றி அரசனின் மணத்தைச் செல்லாதென்று 1533இல் அறிவித்து உரோமையிலிருந்து பிரிந்த சபை, அதன்பின் மணமுறிவில் நெடுங்காலம் உரோமையைப் போலவே கடுமை காட்டியது. மணமுறிவு பெற்றவர், முந்தைய துணை உயிரோடிருக்கையில் கோயிலில் மறுமணம் செய்ய, சிறப்புக் காரணங்களுக்காக அது பொது இசைவு தந்தது 2002இல்தான்.

பல மனைவியர் வழக்கிலும் ஆங்கிலிக்க சபையாரின் மனமாற்றம் நம் கருத்துக்கு உரியது. 1888இல் கூடிய அவர்களுடைய இலம்பெத் மாநாடு, பல மனைவியர் உடையவனுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று முடிவு செய்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1988இல், அதே மாநாடு வேறு முடிவுக்கு வந்தது. அவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இனி வேறு மணம் செய்யேன் என்று அவன் உறுதி தரவேண்டும். மனைவியரை விலக்கும்படி அவனை வற்புறுத்தக் கூடாது. காரணம் என்ன? விலக்கப்படும் பெண்ணுக்குச் சமூகத்தில் நேரும் இழப்பு. ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பட்டறிவு பேசிய முடிவு அது. அதைப் படித்தபோது, 295 ஆண்டுக்குப் பின் கடலாயியின் முறையீடு ஒரு மாநாட்டின் செவியில் விழுந்ததாகவே எனக்குப் பட்டது.

கத்தோலிக்கத் திருச்சபை ஒருவனுக்கு ஒருத்தி என்ற கொள்கையைத் தளர்த்தவில்லை. ஆனால் 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அதனோடு ஒரு கடமையைச் சேர்த்தது. விலக்கப்பட்ட முதல் மனைவியும் மற்ற மனைவியரும் நீதிக்கும் அன்புக்கும் ஏற்ப வாழ வழிசெய்யப்படுகிறதா என்று மேற்றிராணியார் பார்க்கவேண்டும். முன்பு தடியத்தேவரின் நல்ல மனத்தை நம்பி விடப்பட்டது, இப்போது திருச்சபையின் பொறுப்பாயிற்று.

இரண்டு வாசல்கள்

பழங்கதை போதும், இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். மணமான சில மாதத்தில் கணவர் போய்விட்டார். முன்பே அவருக்கு வேறு குடும்பம் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அக்கா கோயில் மன்றத்தில் வழக்குக் கொடுத்து, பல ஆண்டு அலைந்து, மணம் இல்லை என்ற தீர்ப்பைப் பெற்றார். இனி விடுதலை என்று எண்ணினார். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் அது செல்லாது என்றார் வழக்கறிஞர். ஒரு வாசலைக் கடந்தவர் இன்னொரு வாசலில் நின்றார். ஏலக்காய் பொறுக்கிச் சேர்த்த கூலி பேருந்துக்கும் வழக்குக்குமே போயிற்று.

சட்டத்தின் நிலை இதுதான். 1869இல் ஆங்கிலேயர் இயற்றிய மணமுறிவுச் சட்டம் இந்தியக் கிறித்தவரை ஆள்கிறது. அதில் கணவனுக்கு ஒரு நீதி, மனைவிக்கு ஒரு நீதி இருந்தது. மனைவியின் பிறழ்ச்சி ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவியோ கணவனின் பிறழ்ச்சியோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து மெய்ப்பிக்கவேண்டும். இந்த ஏற்றத்தாழ்வைக் கேரள உயர்நீதிமன்றம் 1995இல் தகர்த்தது. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி இருவரையும் சமமாக்கியது. இருவரும் ஒப்பிப் பிரியவும் வழி தந்தது. கோயில் மன்றத்தின் மண இன்மைத் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின்முன் மணத்தை முடித்துவிடாது என்று உச்சநீதிமன்றம் 1996இல் கூறியது. 2017இலும் உறுதி செய்தது. கோயில் வாசலிலும் நடை குறைந்திருக்கிறது. மண இன்மைக்கு ஒத்த இரண்டு தீர்ப்புகள் வேண்டும் என்றிருந்த பழைய விதியை, 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் நீக்கினார். ஏழைக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதும் அவர் நோக்கம்.

ஆகவே, கிறித்தவத் தோழியரும் தோழரும் இரண்டு வாசலையும் அறிந்துகொள்க. கோயில் தரும் தீர்ப்பு மனச்சான்றுக்கு. நீதிமன்றம் தரும் தீர்ப்பு உரிமைக்கு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறுபவர் பெரும்பாலும் படியாத பெண்களே. படித்த நாம் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

முடிவாக ஒன்று. அருளானந்தர் அரண்மனையைத் துறந்தார், தாயைத் துறந்தார், நாட்டைத் துறந்தார், தலையையும் துறந்தார். தாம் நம்பிய அறத்திற்கு முழு விலையும் கொடுத்தார். அதனால் அவரை வணங்குகிறோம். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகிறோம். அதே அறத்திற்குக் கடலாயியும் ஒரு விலை கொடுத்தாள். அவளைக் கேட்டுக்கொண்டு யாரும் அவ்விலையை வாங்கவில்லை. அவள் பெயரை யாரும் பிள்ளைக்கு இடவும் இல்லை. ஒரு மணச்சட்டம் நல்லதா என்று அறிய, அதனால் உள்ளே இருப்பவரைக் கேட்டால் போதாது. வெளியே விடப்பட்டவளையும் கேட்கவேண்டும். திருச்சபைகள் அதைக் கேட்கவும் எழுதவும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின. ஓரியூர்ச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் இடும்போது, அருளானந்தரோடு அவளையும் நினைப்போமாக.